வேன் எவ்வளவு இழுக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்!

முன்பெல்லாம் தோட்டத்தில் நாலு சக்கர வண்டி என்றால் துரையின் கார், பெரிய கிராணியின் கார், தோட்டத்து லோரி, இவ்வளவுதான். மற்றவர்களுக்கு சைக்கிள். கொஞ்சம் வசதி வந்தால் மோட்டார் சைக்கிள். இன்று அந்த நிலை மாறிவிட்டது. பிள்ளைகள் படித்துப் பட்டணத்தில் வேலை பார்க்கிறார்கள். அப்பா, அம்மா, பாட்டி, பேரப் பிள்ளைகள் எல்லாரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போக, ஆறேழு பேர் உட்காரும் வேன் பல வீடுகளுக்கு வந்துவிட்டது.

வேன் வந்ததும் கூடவே ஒரு யோசனையும் வரும். தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு தாமானில் வாங்கிய வீட்டுக்குப் போக வேண்டும். லோரிக்கு வாடகை கொடுப்பானேன்? வேனுக்குப் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டி, தட்டுமுட்டுச் சாமான்களை ஒரே நடையில் கொண்டுபோய்விடலாமே! கோயில் அன்னதானத்துக்கு அண்டா, அடுப்பு, அரிசி மூட்டை ஏற்ற வேண்டுமா? அதற்கும் டிரெய்லர்தான்.

யோசனை நல்லதுதான். ஆனால் டிரெய்லரை மாட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நம் வேன் எவ்வளவு எடையைப் பத்திரமாக இழுக்கும்? இதற்கு விடை சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம். கூட்டலும் கழித்தலும் தெரிந்த ஆறாம் வகுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு தாளும் பென்சிலும் எடுத்தால் போதும்.

இழுப்பது வேறு, நிறுத்துவது வேறு

"ரெண்டாயிரம் சி.சி. எஞ்சின் அண்ணே, எதை மாட்டினாலும் இழுக்கும்!" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. சமதரையில் இழுத்துவிடும். நாலு ஆட்கள் சேர்ந்தால் சமதரையில் நிற்கும் ஒரு லோரியைக்கூடத் தள்ளிவிடலாம். அதே லோரி மேட்டிலிருந்து உருண்டு வந்தால் அந்த நாலு பேரால் நிறுத்த முடியுமா?

டிரெய்லர் விஷயமும் இதுதான். அதைக் கிளப்புவது எஞ்சினின் வேலை. நிறுத்துவது பிரேக்கின் வேலை. வளைவில் பிடித்து வைப்பது டயரின் வேலை. இந்த மூன்றில் எது பலவீனமோ அதுதான் நம் அளவு.

வேகத்தையும் கவனியுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி 90 கிலோமீட்டரில் போனால் வேகம் ஒன்றரை மடங்கு. ஆனால் அதை நிறுத்த பிரேக் செய்ய வேண்டிய வேலை இரண்டேகால் மடங்கு. 90 கிலோமீட்டர் வேகம் என்பது ஒரு நொடிக்கு 25 மீட்டர். முன்னால் மாடு குறுக்கே வருவதைப் பார்த்து, காலைத் தூக்கி பிரேக்கில் வைப்பதற்குள்ளேயே வண்டி 25 மீட்டரைத் தாண்டியிருக்கும்.

மலைப்பாதை என்றால் இன்னும் ஆபத்து. கேமரன் மலையில் தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். இறக்கம் ஏறத்தாழ 1,400 மீட்டர். வேனும் டிரெய்லரும் சேர்ந்து இரண்டரை டன் எடை என்றால், அத்தனை உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி முழுவதும் வெப்பமாக மாறினால் 100 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். கோயில் அன்னதான அண்டா ஒன்று கொதிக்கும் அளவு சூடு! அதில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொள்ளும். மீதி எல்லாம் பிரேக்கின் தலையில்தான். சூடேறிய பிரேக் பிடிப்பை இழந்துவிடும். கால் மிதிக்கும், வண்டி நிற்காது. அதனால்தான் இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும், பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வரக்கூடாது என்று சொல்கிறார்கள்.

"செம்பனைக் காட்டில் டிராக்டர் டன் கணக்கில் குலையை இழுக்கிறதே?" என்று கேட்கலாம். டிராக்டர் அந்த வேலைக்கென்றே செய்யப்பட்டது. பெரிய பின்சக்கரம், கனமான உடல், ஆமை வேகம். மனிதர்கள் உட்கார்ந்து போகச் செய்த வேனை அதோடு ஒப்பிடக்கூடாது.

ஐந்து எண்களைத் தேடுங்கள்

லோரியின் கதவில் வெறும் எடை, சுமையோடு கூடிய எடை என்று பெயிண்டில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேனுக்கும் அப்படி எண்கள் உண்டு. வண்டியோடு வந்த கையேட்டிலும், கதவு நிலையில் ஒட்டியிருக்கும் தகட்டிலும் தேடினால் கிடைக்கும்.

முதலாவது, வேனின் வெறும் எடை. இரண்டாவது, ஆட்களும் சாமான்களும் ஏறிய பிறகு வேன் மட்டும் எவ்வளவு எடை இருக்கலாம் என்ற எல்லை. மூன்றாவது, வேனும் டிரெய்லரும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்ற எல்லை. நான்காவது, டிரெய்லரின் எல்லை. இதில் இரண்டு எண்கள் இருக்கும்: பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஒன்று, பிரேக் இல்லாத டிரெய்லருக்கு அதைவிடக் குறைவாக இன்னொன்று. ஐந்தாவது, டிரெய்லரின் மூக்கு வேனின் கொக்கியை எவ்வளவு எடையோடு அழுத்தலாம் என்ற எல்லை. இதை மூக்கு எடை என்று வைத்துக்கொள்வோம்.

சில வேன்களின் கையேட்டில் டிரெய்லர் இழுக்கவே கூடாது என்று எழுதியிருக்கும். அப்படியானால் கணக்கு அங்கேயே முடிந்தது. விடை பூச்சியம்.

இன்னொரு விஷயம். வேறொரு நாட்டுக்காரர் சொல்லும் எண்ணை நம் வண்டிக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். கியா கார்னிவல் என்ற ஒரே பெயருள்ள வேனுக்கு ஆஸ்திரேலியாவில் பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 2,000 கிலோ, பிரேக் இல்லையென்றால் 750 கிலோ. அமெரிக்காவில் அதே பெயருள்ள வேனுக்கு 3,500 பவுண்டு, அதாவது 1,600 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. நாட்டுக்கு நாடு சோதனை வேறு, எஞ்சின் வகை வேறு, பழக்கம் வேறு. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதே உங்கள் எண்.

அமெரிக்காவில் இழுவை எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு பொது விதிமுறை இருக்கிறது. அதன்படி சோதிக்கும்போது வண்டியில் ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும் மட்டும் இருப்பதாகவே கணக்கு. தலைக்கு 150 பவுண்டு, சுமார் 68 கிலோ. நாம் இரண்டு பேரோடா போகிறோம்? பாட்டி முதல் பேரன் வரை எல்லாரும் ஏறி, மடியில் ஒரு பை, காலடியில் ஒரு பையும் இருக்கும். ஆள் ஏற ஏற, இழுக்கும் அளவு குறையும். பலர் மறந்துவிடும் இடம் இதுதான்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

தோட்டத்து வீட்டைவிட்டுப் புது வீட்டுக்குப் போகும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குச் சுலபமாக இருக்க எண்களை நாமே வைத்துக்கொள்கிறோம். வேனின் வெறும் எடை 1,600 கிலோ. ஆட்களும் சாமானும் சேர்ந்து வேனின் எல்லை 2,200 கிலோ. வேனும் டிரெய்லரும் சேர்ந்து 3,000 கிலோ. பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 1,200 கிலோ, இல்லையென்றால் 600 கிலோ. மூக்கு எடை 75 கிலோ.

இப்போது ஆட்களை ஏற்றுவோம். அப்பா 75, அம்மா 70, மகன் 80, மருமகள் 65, பாட்டி 55, பேரன் 45. மொத்தம் 390 கிலோ. வேனுக்குள் துணிமணி, சாமி படங்கள், சாப்பாட்டுக் கூடை என்று 80 கிலோ. பின்னால் பொருத்திய இரும்புக் கொக்கிச் சட்டம் 25 கிலோ. ஆகக்கூடி 495 கிலோ. வேனின் எடை இப்போது 2,095 கிலோ.

முதல் கேள்வி: கையேட்டில் 1,200 கிலோ டிரெய்லர் என்று போட்டிருக்கிறதே, அதை மாட்டலாமா? இரண்டும் சேர்ந்து 3,000 கிலோவைத் தாண்டக்கூடாது. 3,000-இல் 2,095-ஐக் கழித்தால் 905. ஆகவே 1,200 போய் 905 ஆயிற்று. கிட்டத்தட்ட 300 கிலோவைக் குடும்பமே எடுத்துக்கொண்டது!

இரண்டாம் கேள்வி: கொக்கி தாங்குமா? டிரெய்லர் ஆடாமல் ஓட, அதன் மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு மூக்கில் இருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவில் பழக்கம். அமெரிக்காவில் 10 முதல் 15 விழுக்காடு என்கிறார்கள். நாம் பத்து என்றே வைப்போம். கொக்கி தாங்குவது 75 கிலோ. 75 என்பது எதில் பத்தில் ஒரு பங்கு? 750-இல். ஆகவே 905 போய் 750 ஆயிற்று.

மூன்றாம் கேள்வி: இரண்டாவது எல்லையைத் தாண்டிவிட்டோமா? மூக்கின் 75 கிலோவை வேன் சுமக்கிறது. 2,095 உடன் 75 சேர்ந்தால் 2,170. எல்லை 2,200. தப்பித்தோம், ஆனால் 30 கிலோதான் மிச்சம்.

நான்காம் கேள்வி: டிரெய்லரின் சொந்த எடை? அது 300 கிலோ என்றால், 750-இல் 300 போக 450 கிலோ சாமான்தான் ஏற்றலாம். டிரெய்லரில் பிரேக் இல்லையா? எல்லை 600. அதில் 300 போனால் சாமான் வெறும் 300 கிலோ.

1,200 என்று தொடங்கிய கணக்கு 450-இல் வந்து நிற்கிறது. ஐந்து எண்களில் எது சிறிய விடையைத் தருகிறதோ அதுவே முடிவான விடை. சங்கிலியில் ஒன்பது வளையம் உறுதியாக இருந்தும், பத்தாவது வளையம் பழுதானால் சங்கிலி அறுந்துபோகாதா?

அந்த 450 கிலோவில் என்னென்ன போகும்? ஐஸ் பெட்டி 60, துணி துவைக்கும் இயந்திரம் 40, இரும்பு அலமாரி 60, கட்டிலும் மெத்தையும் 80, தையல் மெஷின் 30, மேசை நாற்காலி 60, ஆட்டுக்கல் 40, பாத்திரங்கள் 50. கூட்டினால் 420. அப்போது பாட்டி, "என் பூச்சட்டிகளை விட்டுட்டுப் போகமாட்டேன்" என்கிறார். ஈர மண்ணோடு பத்துச் சட்டி, ஒவ்வொன்றும் 10 கிலோ. 520 ஆகிவிட்டது. "சரி, மகனும் மருமகளும் மோட்டார் சைக்கிளில் வரட்டும்" என்றால் சரியாகுமா? ஆகாது. இந்தக் கணக்கில் தடுப்பது ஆட்களின் எடையல்ல, கொக்கியின் 75 கிலோ. ஆள் இறங்கினாலும் கொக்கியின் பலம் கூடாது. பூச்சட்டிகளுக்கு இன்னொரு நடை போவதே வழி.

அந்த 450-ஐயும் முழுதாக நிரப்பாமல் கொஞ்சம் குறைத்தே ஏற்றுங்கள். நம் நாட்டு வெயிலும் மேடு பள்ளமும் தங்கள் பங்கைக் கேட்கும்.

தராசு பொய் சொல்லாது

கண்ணால் பார்த்து எடை சொல்வது நம்மவர்களுக்குக் கைவந்த கலை. ஆனால் கண் ஏமாற்றும். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆகவே 44 காலன் பீப்பாய் நிறையத் தண்ணீர் என்றால் 200 கிலோ! காலிப் பீப்பாய்க்கும் நிறைந்த பீப்பாய்க்கும் தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியுமா?

பால் நிறுக்கும்போது அரைக் கிலோ குறைந்தாலும் விடாமல் கேட்ட பரம்பரை நாம். அதே கண்டிப்பை இங்கேயும் காட்டுவோம். செம்பனை ஆலைகளில் லோரியை அப்படியே ஏற்றி நிறுக்கும் மேடை இருக்கிறது. அனுமதி கேட்டுப் பாருங்கள். பழைய இரும்பு வாங்கும் பெரிய கடைகளிலும் இப்படிப்பட்ட மேடை இருப்பதுண்டு. ஆட்களோடு வேனைத் தனியாக ஒரு தடவை, சாமானோடு டிரெய்லரைத் தனியாக ஒரு தடவை நிறுத்துக்கொண்டால் சந்தேகமே இல்லை.

மூக்கு எடையை வீட்டிலேயே பார்க்கலாம். உடல் எடை பார்க்கும் தராசு ஒன்றைச் சமதரையில் வையுங்கள். அதன்மேல் ஒரு பலகை. பலகைமேல், வேனின் கொக்கி இருக்கும் உயரத்துக்கு உறுதியான ஒரு மரக்கட்டை. டிரெய்லர் உருளாதபடி சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, அதன் மூக்கை மெல்ல மரக்கட்டையின் மேல் இறக்குங்கள். தராசு காட்டும் எடையில் பலகை, கட்டையின் எடையைக் கழித்தால் மூக்கு எடை கிடைத்துவிடும். தராசின் அளவு எதுவரை என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கையைக் காலை அடியில் வைக்காதீர்கள்.

காண்டா சொல்லும் பாடம்

காண்டாக் கம்பில் இரண்டு பால்வாளிகளைத் தூக்கி நடந்த அம்மாக்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஒரு வாளி நிறைந்து மறு வாளி காலியாக இருந்தால் நடை தள்ளாடும். டிரெய்லரிலும் சாமானை எங்கே வைக்கிறோம் என்பது, எவ்வளவு வைக்கிறோம் என்பதைப் போலவே முக்கியம்.

கனமான சாமான்களைச் சக்கரத்துக்கு நேர் மேலேயும் சற்று முன்னாலும், தாழ்வாக வையுங்கள். இலேசானவற்றைப் பின்னால் வையுங்கள். பின்பக்கம் கனத்துவிட்டால் மூக்கு மேலே எழும்பும். வேகம் கூடியதும் டிரெய்லர் பாம்பு நெளிவதுபோல் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். லோரி ஒன்று உரசினாற்போல் கடந்து போனால் அந்தக் காற்றே போதும், ஆட்டம் தொடங்கிவிடும். அப்போது பதறி பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். வேகத்தைக் கூட்டவும் வேண்டாம். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, எண்ணெய் மிதியிலிருந்து காலை மெல்ல எடுங்கள். வேகம் தானாகக் குறைந்து ஆட்டம் அடங்கும். பிறகு ஓரமாக நிறுத்தி, சாமானை இடம் மாற்றி வையுங்கள். அதே வேகத்தில் மறுபடியும் போய்ப் பார்க்காதீர்கள்.

அதற்காக எல்லாவற்றையும் மூக்கில் போட்டு அழுத்துவதும் தவறு. கொக்கி பின்சக்கரத்துக்கு ஒரு மீட்டர் பின்னால் இருக்கிறது, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொக்கியில் 75 கிலோ வைத்தால் பின்சக்கரங்களில் ஏறுவது 75 அல்ல, 102 கிலோ. அந்தக் கூடுதல் 27 கிலோ எங்கிருந்து வந்தது? முன்சக்கரத்தைத் தூக்கி எடுத்தது. பிள்ளைகள் ஏறி விளையாடும் சாய்ந்தாடும் பலகையைப் போலத்தான். வண்டியைத் திருப்புவதும், பிரேக் போடும்போது பெரும்பகுதி பிடிப்பதும் முன்சக்கரங்களே. அவை இலேசானால் மழை நாளில் திருப்பம் கைக்கு அடங்காது.

டயரையும் பாருங்கள். அதன் பக்கத்தில் 205/55 ஆர் 16 91 வி என்பதுபோல் எழுதியிருக்கும். இதில் 91 என்பது எடைக் குறி. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 95 என்றால் 690, 100 என்றால் 800. சரியான காற்று இருந்தால்தான் இந்த அளவு. தேய்ந்த டயருக்கும் காற்றுக் குறைந்த டயருக்கும் இந்த எண் செல்லாது. டிரெய்லரின் டயரையும் மறக்காதீர்கள். மாதக்கணக்கில் வெயிலில் நின்ற டயரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டமும் இருக்கிறது

1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், மோட்டார் வண்டி இழுத்துச் செல்லும் வண்டியையும் மோட்டார் வண்டி என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பட்டறையில் நாலு இரும்பைப் பற்ற வைத்து, இரண்டு சக்கரத்தை மாட்டி ரோட்டில் இறக்கிவிட முடியாது. டிரெய்லர் வாங்கும் முன்பும், வேனில் கொக்கி பொருத்தும் முன்பும் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே. அலுவலகத்துக்குப் போய், என்ன அனுமதி, எந்த லைசென்ஸ் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் சொல்லிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு "டிரெய்லரைப் பற்றி நீங்கள் சொல்லவில்லையே" என்ற பதில் வரக்கூடாது.

கொக்கியைப் பின் பம்பரில் பற்ற வைக்க விடாதீர்கள். பம்பர் இடி வாங்கச் செய்தது, இழுக்கச் செய்ததல்ல. வண்டியின் அடிச்சட்டத்தில், தயாரிப்பாளர் குறித்த இடத்தில் போல்ட்டு போட்டுப் பொருத்த வேண்டும். கொக்கி கழன்றாலும் டிரெய்லர் ஓடிவிடாதபடி இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள். பின்விளக்கு, பிரேக் விளக்கு, சிக்னல் விளக்கு மூன்றும் டிரெய்லரிலும் எரிய வேண்டும். கிளம்பிப் பத்து கிலோமீட்டர் போனதும் ஒருமுறை நிறுத்தி, கயிறு தளர்ந்திருக்கிறதா, சக்கரம் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். டிரெய்லருக்குள் ஆட்களை, முக்கியமாகப் பிள்ளைகளை, ஒருக்காலும் ஏற்றாதீர்கள்.

மயிலிறகைப் போல இலேசான பொருளானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று வள்ளுவர் அன்றே எச்சரித்தார். மாட்டுவண்டிக் காலத்தில் முறிந்தது அச்சு மட்டும். மாடும் மனிதரும் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டார்கள். இன்று நாம் போகும் வேகத்தில் அந்தச் சலுகை கிடையாது.

ஆகவே, கணக்கில் 450 என்று வந்து, சாமான் 700 கிலோ இருந்தால் இரண்டு நடை போங்கள். இல்லையென்றால் ஒரு டன் லோரியை வாடகைக்கு எடுங்கள். வாடகை சில நூறு வெள்ளி. வேனுக்குள் உட்கார்ந்திருக்கும் ஆறு பேருக்கு எந்தக் கடையிலும் விலை போட முடியாது. இந்த வாரமே வேனின் கையேட்டை எடுத்து, ஐந்து எண்களையும் ஒரு தாளில் எழுதி, வண்டியின் முன்பெட்டியில் வைத்துவிடுங்கள். அவசரத்தில் யாராவது டிரெய்லரோடு வந்து நின்றால், அந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.